இரண்டு கழுத்து அன்னம்

பஞ்சாட்சரத்துக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது என்பது பிள்ளையார்பாளையத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவருடைய சைக்கிளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்; அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாத நாட்கள்தான் அதிகம். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்று, “போன வருஷம் உங்க கல்யாணத்துக்கு வந்திருந்தேனே” என்று சொன்னால், உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்புவார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது என்பதை அவர் போன பிறகு மனைவி மணியம்மாள்தான் நினைவுபடுத்துவாள்.

இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் ஒரே ஒருவரை மட்டும் நம்பவில்லை. அவர் மணியம்மாளின் அண்ணன் கண்ணாயிரம். அதுவும் எல்லாவற்றிலும் இல்லை. காகித விஷயத்தில் மட்டும்.

கண்ணாயிரம் புடவைக் கரைக்கு டிசைன் போடுபவர். கட்டம் போட்ட கிராப் தாளில் அன்னம், யாளி, மாங்காய் எல்லாம் புள்ளி புள்ளியாக அவர் கையில் பிறக்கும். அந்தத் தாளைப் பார்த்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை என்று கணக்கு வைத்து ஓட்டை குத்துவது அப்போது பஞ்சாட்சரத்தின் வேலை. அட்டைகளைக் கோத்துத் தறிமேல் இருக்கும் ஜக்காடு பெட்டியில் ஏற்றிவிட்டால் தறிக்கு வேறு யோசனை கிடையாது. ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது.

கண்ணாயிரத்துக்கு டிசைன் என்பது முடிந்துபோகிற காரியம் அல்ல. தாளைக் கொடுத்துவிட்ட பிறகும் ரப்பரும் பென்சிலுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். “நீ குத்திக்கினே இரு மாப்ள. நான் சும்மா ஒரு கண்ணு பாத்துக்கினு இருக்கறேன்” என்பார். ஒரு தடவை பஞ்சாட்சரம் அன்னத்தின் காலிலிருந்து தொடங்கி வயிற்றைக் கடந்து பாதிக் கழுத்துக்கு வந்தபோது, கழுத்து வலப்பக்கம் வளைவதைவிட இடப்பக்கம் வளைந்தால் லட்சணமாக இருக்குமே என்று கண்ணாயிரத்துக்குத் தோன்றிவிட்டது. அழித்தார், மாற்றினார், சொல்லவில்லை. பஞ்சாட்சரம் தலை நிமிராமல், தாளில் இருந்ததை இருந்தபடியே குத்தி முடித்தார். தறியும் உண்மையாக நெய்தது. ஒரு கழுத்து தலையில்லாமல் வலப்பக்கம் நின்றது. இன்னொரு கழுத்து உடம்பில்லாமல் இடப்பக்கம் தொடங்கித் தலையில் போய் முடிந்தது.

அந்தப் புடவையை ஆரணிக் கல்யாண வீட்டார் ஒருவர் விரும்பி வாங்கிப் போனதும், அடுத்த மாதமே வந்து “அதே ரெண்டு கழுத்து அன்னம் இன்னொண்ணு வேணும்” என்று கேட்டதும் தனிக் கதை. அன்று முதல் கண்ணாயிரம் அதைத் தம்முடைய கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். பஞ்சாட்சரமோ அன்று முதல் மூலத்தாளைப் பார்த்து ஓர் அட்டைகூடக் குத்தியதில்லை. தாள் வந்ததும் முதலில் தம் கைப்பட ஒரு நகல் எடுப்பார். அரை நாள் ஆனாலும் சரி. எடுத்து முடித்ததும் மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். “இந்தா மச்சான். இனிமே இதுல நீ யானைகூட வரைஞ்சுக்கோ.” அதன் பிறகுதான் குத்து ஊசியையே கையில் எடுப்பார்.

கண்ணாயிரத்துக்கு இதில் மனத்தாங்கல். ஊரார் முன்னால் மாப்பிள்ளை தம்மை அவமானப்படுத்துவதாக நினைத்தார். நகல் எடுத்த பிறகு பெரும்பாலும் மூலத்தை மாற்றவும் செய்தார்.

அறுபத்தாறில் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம், கம்ப்யூட்டர் அட்டைகளில் ஓட்டை போட ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தது. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு அட்டை குத்திக்கொண்டிருந்த பஞ்சாட்சரம், அனுபவத்துக்குச் சான்றாக ஒரு முழம் ஜக்காடு அட்டைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனார். தேர்வாளர்கள் சிரித்தார்கள். தட்டச்சில் அவர் கடைசியாகத்தான் வந்தார். ஆனால் குத்திய அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டைகளை வைத்தே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அரை மணி நேரத்தில் படிக்கக் கற்றுக்கொண்டு அவர் வாசித்துக்காட்டியபோது சிரிப்பு நின்றது. வேலை கிடைத்தது. காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. தூங்கத் தெரிந்தவருக்கு இது ஒரு குறை இல்லை.

பஸ்ஸில் தூங்காத நேரத்தில் கம்ப்யூட்டரின் கட்டளைப் புத்தகத்தைப் படித்தார். ஐந்து வருஷத்தில் ஓட்டை போடும் அறையிலிருந்து புரோகிராம் எழுதும் அறைக்கு மாறினார். மாறினார் என்றால், தற்காலிகமாக. அந்தத் தற்காலிகம் மூன்று வருஷம் நீடித்தது. எழுபத்து நாலில், படம் வரையும் கருவி ஒன்று வந்து இறங்கியது. ஒரு பேனா, ஓர் உருளை, உருளைமேல் தாள். பிளாட்டர் என்றார்கள். அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் வேலை பஞ்சாட்சரத்திடம் வந்தது. அடுத்த மாதம் டில்லியிலிருந்து ஒரு கமிட்டி வருகிறது. அவர்கள் முன்னால் பிளாட்டர் ஒழுங்காக வரைந்தால் பஞ்சாட்சரம் நிரந்தரம். வரையாவிட்டால் பழையபடி ஓட்டை போடும் அறை. துறைத் தலைவர் டாக்டர் தணிகாசலம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

அந்த வேலை இன்னதென்று சுருக்கமாகச் சொல்லலாம். கணக்குப் போடுகிறவர்களின் புரோகிராம் எதுவும் பிளாட்டரை நேரடியாகத் தொடக் கூடாது. தொடவிட்டால் ஆளுக்கொரு பக்கம் பேனாவை இழுத்து உடைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் சூப்பர்வைசர் என்று ஒரு புரோகிராம் நிரந்தரமாகக் குடியிருக்கும். வேண்டியதை அதனிடம் சொல்ல வேண்டும். அது பார்த்துச் செய்யும். பெருமாள் கோயிலில் தேங்காய்த் தட்டை நீட்டலாம், படியைத் தாண்டக் கூடாது என்பது போல. சூப்பர்வைசருக்குள் பிளாட்டரைக் கவனிக்கிற பகுதிக்கு ஹேண்ட்லர் என்று பெயர். அதை எழுதியவர் பஞ்சாட்சரம்.

அழகாக எழுதியிருந்தார். காலையில் இயந்திரத்தைக் கிளப்பினால் டெலிபிரின்டரில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும்: பிளாட்டர் ரெடி, பி. பஞ்சாட்சரம், கே.பி.எம். கே.பி.எம். என்றால் காஞ்சிபுரம். இந்த வரி வந்த முதல் தாளை மணியம்மாள் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். காகிதம் தீர்ந்தாலோ பேனா மாட்டினாலோ வரும் அறிவிப்புகளும் அவர் சுபாவப்படியே இருந்தன. “ஸாரி சார், கைண்ட்லி சேஞ்ச் த பேப்பர்” என்று இயந்திரம் மன்னிப்புக் கேட்டது. வேறெந்தச் சென்னை அலுவலகத்திலும் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசிக் கேட்டதில்லை.

முதலில் அதைப் பயன்படுத்தியவர் இளங்கோவன் என்ற எம்.டெக். படித்த ஆராய்ச்சி மாணவர். பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, ஒரே மட்டம் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்து வரைபடம் போடுவது அவர் ஆராய்ச்சி. பிளாட்டர் முக்கால் மணி நேரம் வரைந்தது. தணிகாசலத்துக்குப் பரம சந்தோஷம். பஞ்சாட்சரம் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சார், இந்தக் கோடு தப்பு சார்.”

“எதுய்யா தப்பு? எவ்வளவு அழகா இருக்கு!”

“அழகாத்தான் இருக்குது. ஆனா ஓரிக்கையில தொடங்கி ஏனாத்தூர்ல போய் முடியுது பாருங்க. ரெண்டுத்துக்கும் ஒரே மட்டம் வராது சார். ஓரிக்கையில எங்க சின்ன மாமியார் வூடு. கெணத்துல குனிஞ்சா தண்ணி. ஏனாத்தூர்ல கயிறு பத்தாது.”

இளங்கோவன் உடனே தம்முடைய எண்களை அச்சடித்துக் கொண்டுவந்தார். ஓரிக்கைக்கு எட்டடி, ஏனாத்தூருக்கு முப்பத்தோரு அடி. சரியாகத்தான் இருந்தது.

“என் நம்பர் சரி சார். கோடுதான் தப்பு” என்றார் இளங்கோவன்.

“பிளாட்டரும் புதுசு” என்றார் தணிகாசலம். “அப்போ நடுவுல இருக்கறது யாரு?”

“நான்தான் சார்” என்றார் பஞ்சாட்சரம்.

தணிகாசலம் அவரைத் தனியாக அழைத்துப் போனார். “பேசாம இருந்திருக்கலாமேய்யா. கமிட்டியில ஒருத்தருக்கும் ஓரிக்கை எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது.”

“எனக்குத் தெரியுது சார்” என்றார் பஞ்சாட்சரம், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

கமிட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. நான்கு நாள் போக வர பஸ்ஸில் ஹேண்ட்லரை வரி வரியாகப் படித்தார். ஒரு தவறும் இல்லை. ஒவ்வொரு கட்டளையும் தான் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. இதைவிட மோசமான செய்தி ஒரு புரோகிராமருக்கு இருக்க முடியாது. வட்டம், சதுரம் என்று அவர் சோதனைக்கு வரைந்து பார்த்தவை எல்லாம் குறையில்லாமல் வந்தன. இளங்கோவனின் கோடுகளிலும் பெரும்பாலானவை சரி. அங்கங்கே சில மட்டும் நடு வழியில் புத்தி மாறி வேறு கோடாகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரைபடத்தைக் கூடத்தில் விரித்துப் போட்டு, நான்கு மூலையிலும் தம்ளர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியம்மாள் ஓரமாக உட்கார்ந்து ராட்டையில் தறிக்கான ஊடைநூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாயிரம் வந்தார். டிசைன்காரர் கண் அல்லவா, தாள் என்றால் தலைகீழாக இருந்தாலும் போய் நிற்கும்.

“இன்னா மாப்ள, இத்த எவன் வரைஞ்சான்?”

“மிஷினு.”

“அந்த மிஷினுக்குப் பக்கத்துல எவனோ ரப்பர் வெச்சிக்கினு உக்காந்திருக்கறான்.”

“அங்க யாரும் உக்கார முடியாது மச்சான்.”

கண்ணாயிரம் தரையில் அமர்ந்து விரலால் கோட்டைத் தடவினார். “இந்த எடம் வரைக்கும் ஒரு தாளு. இங்கேர்ந்து வேற தாளு. பாக்கலியா நீ? இது நம்ம அன்னம்பா! பாதிக் கழுத்து குத்திக்கினு இருக்கும்போதே எவனோ மாத்திட்டான்.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்ற உணர்ச்சியைவிட, தம் பாணியை வேறொருவர் காப்பியடித்துவிட்ட பெருமிதமே அதிகமாக இருந்தது.

“எப்படி மாத்த முடியும்? அந்த இளங்கோவன் சார் புரோகிராமு ஒரு கோட்டுக்குக் கணக்குப் போட்டு ஓர் எடத்துல வெக்கும். ‘இன்ன எடத்துல வெச்சிருக்கறேன், நாப்பது புள்ளி, வரை’ன்னு எங்கிட்ட, என் புரோகிராமுகிட்ட, சொல்லும். நான் எடத்த குறிச்சிக்கினு, சரி வாங்கிக்கினேன், நீ போய் உன் வேலையப் பாருன்னு அனுப்பிடுவேன். பேனா மெதுவாத்தானே போவும், அதுவரைக்கும் அது எதுக்குக் காத்துக்கினு நிக்கணும்னுட்டு…”

“நீ போன்னதும் அது இன்னா பண்ணும்?”

“அடுத்த கோட்டுக்குக் கணக்குப் போடும்.”

“போட்டு எங்க வெக்கும்?”

பஞ்சாட்சரத்தின் விரல் கோடு மாறிய இடத்தில் போய் நின்றது.

“அதே எடத்துல” என்றார்.

தார் சுற்றும் ராட்டை நின்றது. “நகலு எடுத்தீங்களா?” என்று கேட்டாள் மணியம்மாள்.

“எடம் பத்தாது மணி. மிஷினு ஞாபகத்துல எட்டாயிரம் அறைதான், அறைக்கு ஒரு நம்பரு. எல்லாம் ரொம்பிக் கெடக்குது. அதுவும் இல்லாம, அவரு எம்.டெக்கு…”

“எங்கண்ணன் தாளுக்கு மட்டும் நகலு எடுப்பீங்க. அரை நாளு உக்காந்து எடுப்பீங்க. பட்டணத்துப் புள்ள தாளுக்கு எடுக்க மாட்டீங்க. எங்கண்ணன் இன்னா அவ்ளோ மட்டமா பூட்டானா?”

“நல்லா கேளு மணி” என்றார் கண்ணாயிரம், பத்து வருஷக் குறை தீர்ந்த மகிழ்ச்சியோடு. “எம்.டெக்கு படிச்சா மட்டும் கை சும்மா இருக்குமா?”

“வாங்காமலே வாங்கிக்கினேன்னு சொல்லியிருக்கீங்க” என்றாள் மணியம்மாள். “பொய்யி.”

இது பஞ்சாட்சரத்தைச் சுட்டது. வாழ்நாளில் பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர், எழுதிய புரோகிராமில் ஒரு நாளைக்கு நூறு பொய் சொல்லியிருக்கிறார். கணக்கு கடினமாக இருக்கும் இடங்களில் இளங்கோவனின் புரோகிராம் அடுத்த கோட்டை யோசித்து முடிப்பதற்குள் பேனா பழைய கோட்டை வரைந்து முடித்துவிடும். பொய் வெளியே தெரியாது. ஓரிக்கைப் பக்கம் நிலம் சமதரை. கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். பேனா பாதி வழியில் இருக்கும்போதே அடுத்த கோட்டின் எண்கள் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். வட்டமும் சதுரமும் வரைந்த சோதனையில் அடுத்த கோடு என்றே ஒன்று இல்லை.

திங்கட்கிழமை வைத்தியம் தொடங்கியது. ஹேண்ட்லர் இனி எண்களைத் தன் சொந்த இடத்தில் நகலெடுத்துக்கொண்ட பிறகே ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்ல வேண்டும். நாற்பது புள்ளி, புள்ளிக்கு இரண்டு எண், ஆக எண்பது அறை. அதோடு இன்னொரு புத்தியும் வந்துவிட்டது: கொடுக்கிறவர் சொல்லும் இடம் உண்மையிலேயே அவருடைய இடம்தானா, எண்ணிக்கை நாற்பதுக்குள் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குப் பதினான்கு. தொண்ணூற்று நாலு அறை வேண்டும்; காலியாக இருந்ததோ பதினொன்று.

சுருக்க முடிந்ததையெல்லாம் முன்பே சுருக்கியிருந்தார். மிச்சம் இருந்தது மரியாதைதான். அறைக்கு இரண்டு எழுத்து வீதம், ஸாரியும் சாரும் கைண்ட்லியுமாக அறுபத்தாறு அறைகளை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, எரர் என்பதன் முதலெழுத்தோடு ஈ-1, ஈ-2 என்று வெறும் எண்ணாகச் சொல்ல வைத்தார். இன்னும் பதினேழு அறை இடித்தது. அதற்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. பிளாட்டர் ரெடி, பி. பஞ்சாட்சரம், கே.பி.எம்.: முப்பத்து நாலு எழுத்து. சரியாகப் பதினேழு.

தேநீர் வந்தது. அதைக் குடித்து முடிக்கிற வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்துவிட்டார். மரியாதையும் பெயரும் இருந்த இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்தது. படம் சரியாக வந்தது. ஓரிக்கைக் கோடு ஓரிக்கையோடு நின்றது.

கமிட்டி வந்தது. நான்கு பேர். கடைசி நேரத்தில் இன்னும் சில கிணறுகளைச் சேர்க்கலாம் என்று இளங்கோவனுக்கு ஆசை வந்துவிட்டது. அவசரத்தில் ஓர் அட்டையை மாற்றினார். இயந்திரம் மூன்று கோடு வரைந்தது. நின்றது. டெலிபிரின்டர் ‘ஈ-4’ என்று மட்டும் அடித்துவிட்டு மௌனமானது.

“பஞ்சாட்சரம், ஏதாவது பண்ணுய்யா” என்றார் தணிகாசலம், உதடு அசையாமல்.

“இந்த ஒரு தடவை விடச் சொல்லுங்க சார்” என்றார் இளங்கோவன்.

“அது இப்ப என் பேச்சையே கேக்காது சார்.”

கமிட்டியில் மூத்தவர், தமிழ் தெரிந்தவர், ஈ-4 என்றால் என்ன என்று கேட்டார். தம் நிரந்தரம் இந்த ஒரு பதிலில் தொங்குகிறது என்று பஞ்சாட்சரத்துக்குத் தெரிந்தது. இளங்கோவனைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

“நாப்பதுக்கு மேல குடுத்தா வாங்கிக்க மாட்டேங்குது சார். நானூறு வந்திருக்குது.”

“பழைய ஏற்பாட்டில் என்ன செய்திருக்கும்?”

“நம்பி வரைஞ்சிருக்கும் சார். நாப்பது வரைக்கும் கெணறு. அப்பால இன்னா வரைஞ்சிருக்கும்னு எனக்கே தெரியாது.”

மூத்தவர் அட்டையைக் கேட்டார். பஞ்சாட்சரம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு பூஜ்யம் அதிகப்படியாக விழுந்திருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். இளங்கோவன் அட்டையை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். பத்து நிமிஷத்தில் புது அட்டை வந்தது. முக்கால் மணியில் பாலாறு வந்தது. கமிட்டிக்காரர்கள் படத்தைச் சற்று நேரம் பார்த்தார்கள். மூத்தவர் மட்டும் படத்தைவிட அந்த ஈ-4 அடித்த துண்டுத்தாளையே அதிக நேரம் பார்த்தார். போகும்போது அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. நிரந்தரம்.

கண்ணாயிரம் இதற்குள், கம்ப்யூட்டருக்கே டிசைனில் குற்றம் கண்டுபிடித்துக் கொடுத்தவர் தாம்தான் என்று பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அதில் பொய் இல்லை என்பதுதான் பஞ்சாட்சரத்துக்குச் சங்கடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளங்கோவன் வந்து இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பரிமாறிய கையும், அவருடைய எண்களை ஒவ்வொரு தடவையும் சந்தேகப்பட்டுச் சோதிக்கும் புரோகிராமை எழுதிய கையும் ஒன்றுதான்.

அவரை பஸ் ஏற்றிவிட்டுப் பஞ்சாட்சரம் திரும்பி வந்தபோது, மணியம்மாள் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தபடி நின்றாள்.

“இன்னாங்க, அந்தப் புள்ள சொல்லுது, இப்பல்லாம் உங்க பேரு வர்றதில்லியாமே. எடுத்துட்டாங்களா?”

“நாந்தான் எடுத்தேன்.”

“அந்த எடத்துல இப்ப இன்னா இருக்குது?”

“அவரு குடுக்கற நம்பரு. வரையற வரைக்கும் கொஞ்ச நேரம் இருக்கும். அப்பால வேற யாராச்சும் குடுக்கறது வந்து உக்காரும்.”

மணியம்மாள் யோசித்தாள். “வர்றவங்களையெல்லாம் உள்ள உக்கார வெக்கறதுக்கு அங்கயும் ஓர் எடம் பண்ணிட்டீங்க.”

“சோதிச்சுட்டுத்தான் உள்ள விடறேன் மணி.”

“அங்க மட்டும்” என்றாள் மணியம்மாள். “சரி, சைக்கிள் எங்க?”

பஞ்சாட்சரம் வாசலை எட்டிப் பார்த்தார். காலையில் அது அங்கேதான் இருந்தது.